வானமும் வெளுக்காமல், மலையும் கறுக்காமல்

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

மலைக்காட்சிகளைப் படம்பிடிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எச்.டி.ஆர். பற்றியவையாகவே இருந்ததால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில்) பல படங்களாக எடுத்து, வெளிச்சமான இடங்களை ஒன்றிலிருந்தும் இருண்ட இடங்களை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒரே படமாக்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர்.

கேள்வி: மேகமலையில் அதிகாலையில் ஏரியையும் தேயிலைச் சரிவுகளையும் மூன்று எக்ஸ்போஷர்களில் எடுத்து, கணினியில் இணைத்தேன். வானம், மலை, நீர் எல்லாமே தெளிவாகத் தெரிகின்றன. ஆனாலும் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ‘காலண்டர் படம் மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். எங்கே தவறு? படத்தை இணைத்துள்ளேன். (தேனி வாசகர்)

பதில்: உங்கள் படத்தைத் திரையில் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று படங்களும் பிசிறில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கின்றன. தவறெல்லாம் இணைத்த பிறகு நேர்ந்தவை. மலைமுகடு வானத்தைத் தொடும் கோட்டை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு வானம் வெளுத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே போகப் போகக் கருநீலமாகிறது. ஏரிநீரில் தெரியும் மேகம், வானத்தில் இருக்கும் அதே மேகத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது. தேயிலைச் செடிகளின் தூரில், காலை ஆறு மணிக்குக் கையை விட்டால் கையே தெரியாத இடத்தில், ஒவ்வொரு சுள்ளியையும் எண்ணிவிடலாம் போலிருக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகச் சுட்டத் தெரியாவிட்டாலும், பார்ப்பவரின் கண் இவற்றை உணர்ந்துகொள்கிறது. ‘காலண்டர்’ என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சூரியன் முகட்டுக்குப் பின்னால் எழும் நேரத்தில் வானத்தின் பளிச்சென்ற பகுதிக்கும் செடிகளின் அடிநிழலுக்கும் இடையே 12 ஸ்டாப் வேறுபாடு இருப்பது சாதாரணம். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குவதால், 12 ஸ்டாப் என்பது 4,096 மடங்கு. நல்ல ஒளிப்படத் தாள் காட்டக்கூடிய வேறுபாடு சுமார் 7 ஸ்டாப், அதாவது ஏறத்தாழ 128 மடங்குதான். ஆகவே சுருக்குவது தவிர்க்க முடியாதது. எப்படிச் சுருக்குகிறோம் என்பதே கேள்வி. படம் முழுவதையும் ஒரே வளைகோட்டால், அதாவது எல்லா இடத்துக்கும் ஒரே விதியால், சுருக்கினால், எது எதைவிட வெளிச்சமாக இருந்ததோ அந்த வரிசை கலையாது. ஆனால் படம் சற்றுச் சப்பென்று இருக்கும். இடத்துக்கு இடம் தனித்தனியாகச் சுருக்கினால் எல்லா இடமும் துலங்கும், வரிசை கலைந்துவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் நம்மை மயக்கும் ஸ்லைடர்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கின்றன. முகட்டை ஒட்டிய வானத்துக்கு அக்கம்பக்கம் இருண்ட மலை என்பதால், அங்கே மட்டும் வானத்தை அடக்காமல் விட்டுவிடுகின்றன. உங்கள் படத்தில் இருக்கும் வெள்ளைக்கரை அப்படி வந்ததுதான்.

எச்.டி.ஆர். படம் இயல்பாக இருக்க நான் பிடிவாதமாகப் பின்பற்றுவது ஒன்றே ஒன்று: காட்சியில் இருந்த வெளிச்ச வரிசை படத்தில் தலைகீழாகக் கூடாது. வானம்தான் விளக்கு, நிலம் அந்த விளக்கில் தெரியும் பொருள். விளக்கைவிடப் பொருள் பிரகாசமாக இருந்தால் அங்கே வேறொரு சூரியன் வேண்டும். நீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும் என்பதால், நீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட ஒரு படியாவது மங்கியிருக்க வேண்டும். வெயில் பட்ட சரிவு நிழல் சரிவைவிட வெளிச்சமாக இருந்தே தீர வேண்டும். இந்த வரிசைக்குள் நின்றுகொண்டு, இடைவெளிகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறையாகச் சொல்வதானால், லைட்ரூம் மென்பொருளில் இணைத்தவுடன் கிடைக்கும் டி.என்.ஜி. கோப்பு மந்தமாகத்தான் இருக்கும். அதைக் கண்டு பதறி ‘ஆட்டோ’வை அழுத்த வேண்டாம். முதலில் வெயில் பட்ட தேயிலைச் சரிவு சரியாகத் தெரியும்படி எக்ஸ்போஷரை வையுங்கள். அடுத்து, மேகத்தின் விளிம்பு உருப்பெறும் வரை வெளிச்சப் பகுதிகளுக்கான ஹைலைட் ஸ்லைடரை இறக்குங்கள். அதன் நடுப்பகுதியில் கொஞ்சம் வெளுப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும், சூரியனை ஒட்டிய மேகம் வெளுப்பாகத்தான் இருக்கும். நிழல் பகுதிகளுக்கான ஷேடோவை 100 வரை ஏற்றியிருக்கிறீர்கள். 30, மிஞ்சினால் 40 போதும். பிறகு பிளாக் ஸ்லைடரை இறக்கி, செடிகளின் தூரில் எங்காவது ஓரிடத்திலாவது முழுக் கறுப்பு வரச் செய்யுங்கள். கறுப்பே இல்லாத படத்தில் வெளிச்சத்துக்கும் மதிப்பில்லை. விளிம்புகளைத் துலக்கிக் காட்டும் கிளாரிட்டி 10-ஐத் தாண்ட வேண்டாம். பச்சையின் அடர்த்தியைக் கூட்டவே வேண்டாம்; நிழலை ஏற்றும்போதே நிறமும் சேர்ந்து ஏறிவிடும், தேயிலைப் பச்சை அப்போது பிளாஸ்டிக் பச்சையாகிவிடும். பல நேரங்களில் நான் பச்சையை ஐந்தாறு புள்ளிகள் குறைப்பதுண்டு.

இவ்வளவும் செய்தபின் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நெடுநேரம் பார்த்த படத்துக்குக் கண் பழகிவிடும். எவ்வளவு மிகையானாலும் அது சாதாரணமாகவே தோன்றும். திரும்பி வந்ததும் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அந்த அளவிலும் சட்டென்று தெரிய வேண்டும். உங்கள் படத்தை அப்படிப் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எத்தனை படங்கள் எடுக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? சிலர் மூன்று என்கிறார்கள், சிலர் ஒன்பது என்கிறார்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது காட்சிதான். இருட்டான படத்தில் ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். வெளிச்சமான படத்தில் இடது ஓரத்தை விட்டு நன்றாக விலகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் இடையில் எத்தனை படங்கள் வேண்டும் என்பது தானாகத் தெரியும். ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பாக) எடுக்கும்போது 2 ஸ்டாப் இடைவெளி தாராளமாகப் போதும். சூரியன் சட்டத்துக்குள் இல்லாத காட்சிகளுக்குப் பெரும்பாலும் மூன்று படங்கள் போதும். சூரியனே உள்ளே இருந்தால் ஐந்து. ஒரு ஸ்டாப் இடைவெளியில் ஒன்பது படங்கள் எடுப்பதால் மெமரி கார்டு நிறையுமே தவிரப் பெரிய பலன் இல்லை. படங்களுக்கிடையே மேகமும் காற்றும் நகர்வதற்கான நேரம் கூடிப்போவதால் கேடுகூட உண்டு.

ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், எஃப் 8 அல்லது எஃப் 11 அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஒருமுறை ஃபோகஸ் செய்தபின் மேனுவலுக்கு மாற்றிய லென்ஸ், நிலையான ஒயிட் பேலன்ஸ் என்பவை வழக்கமான ஏற்பாடுகள். மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டுமே. அப்பர்ச்சர் மாறினால் கூர்மையின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் தூண் பாறைக்கு எதிரே, மூடுபனி விலகும் இரண்டு மூன்று நிமிடங்களுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, பனி விலகியதும் மேனுவலில் ஷட்டரை மாற்றி மாற்றி மளமளவென்று மூன்று படங்கள் எடுத்தேன். முந்தின நாள் சந்தையில் எடுத்தபோது போட்டு வைத்த ஆட்டோ ஐ.எஸ்.ஓ. அப்படியே இருந்திருக்கிறது. நான் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கக் குறைக்க, கேமரா ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றி ஈடுகட்டியிருக்கிறது. அறைக்கு வந்து பார்த்தால், வெளிச்சம் மாறிய மூன்று படங்களுக்குப் பதிலாக, ஒரே வெளிச்சத்தில் நாய்ஸ் (புள்ளிப் பிசிறு) மட்டும் ஏறிக்கொண்டே போன மூன்று படங்கள்! அன்றிலிருந்து ட்ரைபாடை விரித்தவுடன் நான் பார்க்கும் முதல் எண் ஐ.எஸ்.ஓ.-தான்.

கேள்வி: ரா கோப்பாக ஒரே படம் எடுத்தாலே போதும், இப்போதைய கேமராக்களுக்கு பிராக்கெட்டிங் (வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுப்பது) தேவையில்லை என்று என் நண்பர் சொல்கிறார். சரியா? (சேலம் வாசகர்)

பதில்: பாதிக்கு மேல் சரி. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். அண்மைக்கால முழுச்சட்டக் கேமராக்களில், ஐ.எஸ்.ஓ. 100-இல், வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்துவிட்டு, இருண்ட பகுதிகளைக் கணினியில் மூன்று ஸ்டாப் வரை தூக்கினாலும் பெரிதாகக் கெடுவதில்லை. மேகமூட்டமான நாள், மூடுபனி, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் காட்சி ஆகியவற்றுக்கு ஒரு படமே மிச்சம், அங்கே எச்.டி.ஆர். செய்வது தயிர்ச்சாதத்துக்கு ரசம் ஊற்றுவது போன்றது. சூரியனுக்கு எதிராக நின்று நிலத்தையும் காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் பிராக்கெட்டிங் செய்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் பிறகு நடுப்படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிச்சாவரத்தில் படகில் இருந்தபடி, அலையாத்திக் காட்டின் இருண்ட கால்வாய்க்குள்ளிருந்து வெளியே தெரியும் வானத்தை எடுக்கிறேன். இணைத்தால் வேர்களும் இலைகளும் இரட்டை இரட்டையாகத் தெரிகின்றன. ‘டீகோஸ்ட்’ போட்டும் சரியாகவில்லை. (சிதம்பரம் வாசகி)

பதில்: உங்கள் படத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். இலைகள் அசைந்தது ஒன்று. படகே நகர்ந்தது மற்றொன்று. இலை அசைவுக்கு மருந்து உண்டு. டீகோஸ்ட் வசதி, அசைந்த இடங்களை மட்டும் ஏதேனும் ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொண்டு மற்றவற்றை அங்கே ஒதுக்கிவிடும். அது இருண்ட படத்தைத் தேர்ந்துகொண்டால் அவ்விடத்தில் நாய்ஸ் தெரியும் என்பதால், தேவைக்கு மேல் ‘ஹை’ வரை போக வேண்டாம். படகு நகர்வதற்கு மருந்து இல்லை. நீங்கள் ஓரடி நகர்ந்தாலும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வேர் தொலைவில் இருக்கும் மரத்தைவிட அதிகமாக இடம் மாறிவிடும். படத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டையும் ஒருசேரப் பொருத்த முடியாது.

அங்கே ஒரே படத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கால்வாய் முடிவில் தெரியும் வானத்துண்டு சற்றே வெளுக்கும் அளவுக்கு வைத்து, ராவில் எடுங்கள். அல்லது சூரியன் இன்னும் கீழே இருக்கும் முதல் படகு நேரத்தில் போங்கள். வானமும் நீரும் அப்போது அவ்வளவு தூரம் பிரிந்திருக்காது. அந்தக் கால்வாய்களின் அழகே அவற்றின் இருட்டுதான் என்பது என் எண்ணம். வேர்களுக்கு இடையே கிடக்கும் இருட்டை அப்படியே விட்டுவிட்டு, நீரின்மேல் விழும் ஒளிக்கோட்டை மட்டும் காப்பாற்றினால் போதும்.

கரையில் நின்று கடலலைகளை எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அலை ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும் என்பதால், நீருக்கு ஒரே படத்தையும் வானத்துக்கு இன்னொன்றையும் தேர்ந்து, ஃபோட்டோஷாப்பில் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் போட்டுக் கையாலேயே இணைப்பது தானியங்கி முறையைவிட எப்போதும் இயல்பாக வரும். இணைப்புக் கோட்டைத் தொடுவானத்தில் வைத்து, தூரிகையின் விளிம்பை நன்கு மென்மையாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கும்போது திருவள்ளுவர் சிலை எப்போதும் கறுத்துப்போகிறது. ஐந்து படங்களை இணைத்துச் சிலையின் கல்வேலைப்பாடு தெரியும்படி செய்தேன். ஆனால் சிலையைத் தனியாக வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கரையிலிருந்து பார்க்கும்போது காலைச் சூரியன் சிலைக்கு அப்பால் இருக்கிறது, நீங்கள் பார்ப்பது சிலையின் நிழல் பக்கத்தை. 133 அடி உயரக் கல்லின் நிழல் பக்கம் வெயிலில் நிற்பது போலத் துலங்கினால், ஒட்டியது போலத்தான் தெரியும். சூரியன் சட்டத்துக்குள் இருக்கும் வரை சிலை நிழலுருவாகவே இருக்கட்டும். ஆடை மடிப்பு ஒன்றிரண்டு மங்கலாகத் தெரியும் அளவுக்கு மட்டும் ஷேடோவைத் தூக்கலாம். வேலைப்பாடு வேண்டுமென்றால் சூரியன் மேற்கே சாய்ந்தபின் வாருங்கள், கரையைப் பார்த்த பக்கத்தில் வெயில் நேராக விழும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமென்று பிடிவாதம் இருந்தால், உதயத்துக்கு இருபது முப்பது நிமிடங்களுக்கு முன்னரே கேமராவை நிறுத்திவிடுங்கள். சூரியன் வெளிவராத அந்த நேரத்தில் வேறுபாடு குறைவாக இருப்பதால் மூன்று படங்களே போதும், கல்லுக்கும் ஓர் இளநீலம் கிடைக்கும்.

கேள்வி: இப்படிப் பல படங்களை இணைப்பது ஏமாற்று வேலை இல்லையா? ஃபிலிம் காலத்தில் இதெல்லாம் உண்டா? (கோவை கல்லூரி மாணவி)

பதில்: ஃபிலிமுக்கும் முந்தையது இது. 1850-களில் பயன்பட்ட கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டும் அதிகமாக உள்வாங்கின. நிலத்துக்கோ கடலுக்கோ போதுமான நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக் கலைஞரான குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் மேகங்களுக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, இரண்டையும் தொடுவானத்தில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். செத் துறைமுகத்தில் 1857-இல் எடுத்த பேரலைப் படம் அந்த வகையில் புகழ்பெற்றது.

அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவுப் படத்தை அச்சிடும்போது, இருட்டறையில் வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுப்பாக்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் போட்ட அச்சுகளில் வானம் இன்னும் கறுத்தது. நெகட்டிவில் இருந்த மெல்லிய மேகங்கள்கூட அதில் மறைந்தன. தன்னிடம் இருந்த விவரத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவர் அவர். எல்லா விவரமும் கையில் இருக்கிறது என்பதற்காக அத்தனையையும் காட்டிவிடும் நமக்கு அது நல்ல பாடம்.

ஏமாற்று என்பது எங்கே வெளியிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. செய்திப் படமாகவோ போட்டிக்கோ அனுப்பும்போது அவர்களுடைய விதிகளை முதலில் படித்துவிடுங்கள்; இணைத்த படங்களை ஏற்காத போட்டிகளும் உண்டு.

கேள்வி: என் கைபேசி எல்லாப் படத்தையும் தானாகவே எச்.டி.ஆர். ஆக்கிவிடுகிறது. நிழலே இல்லாமல் தட்டையாக வருகிறது. என்ன செய்யலாம்? (துபாய் வாசகர்)

பதில்: கைபேசி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பிருந்தே படங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது, சிறிய சென்சாரின் குறையை அது அப்படித்தான் ஈடுகட்டுகிறது. எனவே அதை முற்றிலும் நிறுத்துவதைவிட, திரையில் வானத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, அருகில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்து எடுப்பது நல்லது. நிழல் நிழலாகவே நிற்கும். உங்கள் கைபேசியில் ரா வசதி இருந்தால், பாலைவன மணல்மேடுகளை அதில் எடுங்கள். மேட்டின் நிழல் பக்கத்தை எவ்வளவு தூக்குவது என்பது உங்கள் கையில் இருக்கும். மணல்மேட்டுக்கு உருவம் கொடுப்பதே அந்த நிழல்தான்.

கேள்வி: திரையில் அருமையாக இருக்கும் எச்.டி.ஆர். படம், பிரிண்ட் போட்டால் இருண்டு, நிறம் கூடி வருகிறது. பழி லேப் மீதா, என் மீதா? (மதுரை வாசகர்)

பதில்: பெரும்பாலும் திரை மீது. முழுப் பிரகாசத்தில் வைத்த திரையில் நிழல்கள் தாராளமாகத் தெரியும். தாளுக்கு அந்த வசதி கிடையாது. திரையின் பிரகாசத்தைக் குறைத்து, ஒரு வெள்ளைத் தாளை விளக்கொளியில் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்படி வைத்த பிறகு திருத்துங்கள். பெரிய பிரிண்டுக்குக் காசு கொடுக்கும் முன், முகடு, வானம், அடிநிழல் மூன்றும் வரும்படி நெடுக்காக ஒரு துண்டை மட்டும் வெட்டி, சிறிய அளவில் போட்டுப் பாருங்கள்.

லேபையும் முழுவதுமாக விட்டுவிட முடியாது. நான் வழக்கமாகப் போகும் ஒரு லேபில், வால்பாறையில் எடுத்த அந்திப் படம் ஒன்று நண்பகல் போல வெளுத்து வந்தது. விசாரித்தபோது, இயந்திரம் எல்லாப் படத்தையும் தானாகச் ‘சரிசெய்கிறது’ என்றார்கள். அந்திக்குரிய இருட்டைக் குறை என்று அது எண்ணிவிட்டது. ‘ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்’ என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால், மறுநாள் இயந்திரத்தின் முன் உட்காருபவர் வேறொருவராக இருப்பார்.